இரவு 138, காலை 162: சாப்பிடாமலே சர்க்கரை ஏறுவது எப்படி?

கரையோரம் கேட்டது:

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து மீட்டர் வாங்கிப் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. படுக்கும்போது 138. ராத்திரி தண்ணீரைத் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை. காலை ஆறு மணிக்கு 162. (எண்கள் எல்லாமே ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.)

இதைப் பார்த்ததும் ஆளுக்கொரு முடிவுக்கு வருகிறார்கள். மீட்டர் கோளாறு என்பார் ஒருவர். ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டால் சரியாகும் என்பார் இன்னொருவர். மாத்திரை கேட்கவில்லை, இனி ஊசிதான், ஊசி வந்துவிட்டால் கடைசிக் கட்டம் என்று பயந்துபோகிறவர்களும் உண்டு. வேறு சிலர் நேர் எதிர்: ஃபாஸ்டிங் (காலை வெறும் வயிற்று எண்) 110-க்கு வந்தாயிற்று, இனிப்பையும் விட்டாயிற்று, மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே, எதற்கு இன்னும் இழுத்துக்கொண்டிருப்பது என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு தயாராகிறது. "டாக்டரைக் கேளுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், ஏன் இப்படி ஆகிறது, எங்கே தப்பு நடக்கிறது, வீட்டிலேயே எதைச் செய்து பார்க்கலாம் என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தெளிநீர் எழுதியது:

அந்த 162-ஐ ஏற்றியது கல்லீரல். இது பிடிபட்டால் நீங்கள் சொன்ன குழப்பங்களில் பாதி தானாக அவிழும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியவர் ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். சர்க்கரை 100 என்றால் டெசிலிட்டருக்கு 100 மி.கி., அதாவது லிட்டருக்கு 1 கிராம். ஆக மொத்த ரத்தத்திலும் கரைந்திருப்பது 5 கிராம் குளுக்கோஸ். ஒரு தேக்கரண்டி அளவுதான். மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் அந்த 5 கிராமையும் செலவழித்துவிடும். அப்படியானால் எட்டு மணி நேரம் தூங்குகிறவர் நடு ராத்திரியில் நினைவு தப்பிப் போக வேண்டுமே, ஏன் போவதில்லை? கல்லீரல் கையிருப்பிலிருந்து விடாமல் அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2 மி.கி. வீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 7 கிராம், எட்டு மணி நேரத்தில் 55 கிராமுக்கு மேல். வாய் வழியே ஒரு பருக்கை கூடப் போகாத நேரத்தில் நடக்கும் வரவு இது.

இந்தக் குழாயைத் திருகி அளவாக வைத்திருப்பது இன்சுலின். பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் டைப் 2 நோயில் கல்லீரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. போதாததற்கு, அதிகாலை 3 மணியிலிருந்து 8 மணிக்குள் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறி, உடல் விழித்தெழத் தயாராவதற்காகக் கல்லீரலை இன்னும் கொட்டச் சொல்லும். நோய் இல்லாதவரின் கணையம் அந்நேரம் கூடுதலாக இன்சுலின் விட்டு ஈடுகட்டிவிடும். நோயாளியின் கணையத்தால் அது முடியாது. எண் ஏறிவிடுகிறது. விடியல் ஏற்றம் என்று இதைச் சொல்வார்கள். 20, 30 ஏறுவது சாதாரணம்.

ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது நினைத்த பலனைத் தராது என்பதற்கும் இதுதான் காரணம். கணையத்தை இன்சுலின் விடத் தூண்டும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு படுத்தால் ஆபத்து வேறு. நள்ளிரவில் 60-க்குக் கீழே இறங்கிவிடலாம். பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிடுவதை ஏழரைக்கு நகர்த்தி, மாவுப் பண்டத்தைக் குறைத்துக்கொள்வது வேறு விஷயம். அது உதவும்.

செய்து பார்க்க வேண்டியது: மூன்று நான்கு ராத்திரி, படுக்கும்போது ஒன்று, அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்து ஒன்று, எழுந்ததும் ஒன்று.

200, 200, 205 என்று வந்தால் படுக்கும்போதே ஏறியிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டையும் மருந்தின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும்.
138, 135, 162 என்றால் விடியல் ஏற்றம்.
138, 58, 170 என்றால் நடுவில் இறங்கி, உடல் பயந்துபோய்த் தள்ளிவிட்டிருக்கலாம். இது அபூர்வம்தான். ஆனால் காலை எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் அடுத்த ராத்திரி இன்னும் கீழே போகும். இங்கே குறைக்க வேண்டியிருக்கும்.

காலை எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே நோய் போலத் தெரியும். செய்ய வேண்டியதோ ஒன்றுக்கொன்று எதிர். 3 மணி எண் இல்லாமல் டாக்டராலும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் முடிவெடுக்க முடியும்.

இனி கிட்னி. சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுக்கும் மாத்திரையான மெட்ஃபார்மின் முக்கியமாக அடைப்பது இந்தக் கல்லீரல் குழாயைத்தான். அது உடலில் உடையாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும் மருந்து. கிட்னி ஏற்கெனவே தளர்ந்தவருக்கு வெளியேறாமல் தேங்கும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் உண்டு. அதனால் ஈஜிஎஃப்ஆர் என்ற வடிகட்டும் வேகம் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். கிட்னி கெட்டதால் மாத்திரை நின்றது. பார்த்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டு, மாத்திரையால் கிட்னி கெட்டது என்று பேசிப் பேசிப் பரப்பிவிட்டார்கள். இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை விட்டவரின் கிட்னியை அரிப்பது, வருடக்கணக்கில் ஓடும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்.

மெட்ஃபார்மினால் நிஜமாக வரக்கூடிய தொல்லைகள் வேறு. முதலில் வயிற்றுப்போக்கு. 500 மி.கி.யில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்து, வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். இரண்டாவது, பல வருடம் எடுத்தபின் பி12 வைட்டமின் குறைவது. காலில் மதமதப்பு என்றதும் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று முடிவுகட்டுமுன் பி12 பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பி12 குறைவுக்கு எளிய சிகிச்சை உண்டு.

துளிக்கணக்கு எழுதியது:

தெளிநீர் சொன்ன மூன்று எண் முறை சரி. ஆனால் அதை ஒரே ராத்திரியோடு முடித்துவிடாதீர்கள். காரணம் மீட்டரின் தரக் கணக்கிலேயே இருக்கிறது. மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-ன் 2013 பதிப்பு கேட்பது: 100-க்கு மேலே உள்ள எண்களில், நூற்றுக்கு 95 அளவீடுகள் ஆய்வுக்கூட மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே 15 மி.கி.க்குள். இதைக் கேள்வியில் உள்ள எண்ணோடு வைத்துப் பாருங்கள். உண்மையில் 162 இருக்கும் ரத்தத்துக்கு மீட்டர் 138 காட்டினாலும் 186 காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். ஒரு ராத்திரியின் 138-ம் 162-ம் ஒரே சர்க்கரையாகவே கூட இருக்கலாம். நான்கு ராத்திரியும் அதே திசையில் ஏறினால்தான் நம்பலாம்.

மீட்டரைக் குறை சொல்லுமுன் விரலைப் பார்க்க வேண்டும். இன்றைய மீட்டர்கள் பலவற்றுக்கு வேண்டியது 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம். சர்க்கரை 100 என்றால் அந்தத் துளிக்குள் இருப்பது 0.6 மைக்ரோகிராம் குளுக்கோஸ். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. பழம் உரித்த விரல்நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு 0.6 மைக்ரோகிராம் ஒட்டியிருந்தால் போதும், மீட்டர் 200 காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுப்பது இதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டுக் குத்துங்கள். ஈரம் நின்றால் துளி நீர்த்துப்போய் எண் குறைந்து வரும். கழுவ வழியில்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள்.

குத்துவது விரல்நுனியின் ஓரத்தில். நடுச்சதையில் வலி அதிகம். ரத்தம் வரவில்லை என்று நுனியை நசுக்கிப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும். கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவினால் வந்துவிடும்.

ஸ்ட்ரிப் நுனியில் இருப்பது ஒரு என்சைம். ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. டப்பா மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டு மெதுவாகச் சோதித்து, பிறகு வந்து மூடுகிறவர்கள் நிறையப் பேர்; அதற்குள் மிச்ச ஸ்ட்ரிப்புகள் ஈரம் குடித்துவிடும். ஒன்றை எடு, உடனே மூடு, பிறகு குத்து. வேறொரு டப்பாவுக்கு மாற்றி வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். திறந்த தேதியை டப்பாவிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்று லேபிளில் போட்டிருக்கும்; அச்சிட்ட காலாவதித் தேதியை விட அது முன்னாலேயே வந்துவிடும்.

லேப் எண்ணும் மீட்டர் எண்ணும் ஒட்டாததற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி தட்டுப்படும். ஒன்று, குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், பிரித்தெடுக்காமல் விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இரண்டு, சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை கைச்சிரை ரத்தத்தை விடக் கூடுதலாகவே இருக்கும். அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஃபாஸ்டிங்கில், லேபில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள்.

"சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்" என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. கை கழுவியதிலிருந்து எண்ணக் கூடாது. அன்றைக்கு வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. டெஸ்ட் என்பதற்காக இரண்டு நாள் பத்தியம் இருந்துவிட்டு வந்தால் டாக்டர் மருந்து எழுதுவது அந்த இரண்டு நாளுக்குத்தான். மிச்சமுள்ள நாட்கள் அவர் கண்ணில் படவே இல்லை.

ஃபாஸ்டிங் 110 வந்துவிட்டது என்று நிறுத்துகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை கிடைக்கும். 7 என்றால் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. ஃபாஸ்டிங் 110, ஹெச்பிஏ1சி 8 என்று ஒருவருக்கு வந்தால் இடிக்கிறதே என்று பார்க்க வேண்டும். சராசரி 183-க்குப் போக வேண்டுமானால் பகலில் எங்கோ 230, 250 என்று ஏறி இறங்குகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் யாரும் குத்திப் பார்க்காததால் அது தெரியவில்லை.

அந்த ஹெச்பிஏ1சியும் தவறும். சிவப்பணு வாழும் சுமார் 120 நாளில் அதன்மேல் படிந்த சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் வயதானவையாக இருக்கும், எண் பொய்யாகக் கூடும். ரத்தம் ஏற்றியிருந்தால், ரத்தப்போக்கு இருந்திருந்தால், அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தால் பொய்யாகக் குறையும். ஹீமோகுளோபின் என்ன என்று தெரியாமல் அந்த எண்ணைப் படிக்க வேண்டாம்.

கரையோரம் எழுதியது:

ரொம்ப உபயோகம். 138-ம் 162-ம் ஒன்றாகவே இருக்கலாம் என்பது யோசித்தே பார்க்காத கோணம்.

இன்சுலின் பயத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். "ஊசி போட ஆரம்பித்தால் அடிமையாகிவிடுவோம், அப்புறம் கண், கால் போகும்" என்பதற்கு என்ன பதில்? சர்க்கரை திடீரென இறங்கினால் சாக்லேட் கொடுப்பது சரியா?

வெண்பஞ்சு எழுதியது:

பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவு வெளியான யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வு ஒன்றைக் காட்டியது: டைப் 2 நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கிறது, பிறகும் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது. சுரப்பு குறையும்போது குறைவதை வெளியிலிருந்து ஈடு செய்கிறோம். இதில் அடிமைத்தனம் எங்கே இருக்கிறது? அறுவை சிகிச்சை, கர்ப்பம், கடும் தொற்று, ஆரம்பத்திலேயே ஹெச்பிஏ1சி 10-க்கு மேல் என்ற நிலைகளில் சில வாரமோ மாதமோ போட்டுவிட்டு டைப் 2 நோயாளிக்கு நிறுத்துவதும் உண்டு. டைப் 1 வேறு. அங்கே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களை உடலே அழித்துவிட்டது. இன்சுலின் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

கண், கால் போவது பற்றி: பத்து வருடம் 250-லேயே ஓடவிட்டு, பயந்து பயந்து தள்ளிப்போட்டு, கடைசியில் ஊசிக்கு வருகிறார்கள். அந்தப் பத்து வருடத்தில் கெட்டது ஊசி ஆரம்பித்த பிறகு வெளியே தெரிகிறது. பழி ஊசி மேல் விழுகிறது. டைப் 1 நோயாளிகள் 1,441 பேரை வைத்து நடந்து 1993-ல் வெளியான டிசிசிடி ஆய்வில், இன்சுலினை நெருக்கமாக, கட்டுப்பாடாகப் போட்டவர்களில் விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது.

ஊசியில் பயப்பட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன.

சிரிஞ்சும் குப்பியும் பொருந்துவது. மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லிலிட்டர், அதாவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. உயிரே போகலாம். திருப்பிச் செய்தால் 10-க்குப் பதில் 4 யூனிட்தான் போகும். "மருந்து வேலையே செய்யவில்லை" என்று பேச்சு வரும். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பேனாவில் போடுகிறவர்கள் புது ஊசி மாட்டி, 2 யூனிட் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தி, நுனியில் சொட்டு தெரிந்த பிறகே அளவை வைக்க வேண்டும். இந்த இரண்டு யூனிட்டைச் சிக்கனம் பிடித்தால் காற்றுத்தான் உள்ளே போகும். அழுத்தியபின் பத்து எண்ணும்வரை எடுக்காதீர்கள். உடனே இழுத்தால் தோலுக்கு மேலே துளி நிற்கும், அது உங்கள் டோஸில் ஒரு பகுதி. 4 மி.மீ. ஊசி பெரும்பாலான பெரியவர்களுக்குப் போதும், குண்டான உடம்புக்கும் கூட.

எனக்குத் தெரிந்து மிக அதிகமாகக் கண்ணில் படாமல் போவது கட்டி. வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் ரப்பர் போலக் கொழுப்பு திரளும். கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் தட்டுப்படும். அங்கே போட்ட இன்சுலின் ஒரு நாள் மெதுவாக இறங்கும், ஒரு நாள் மொத்தமாக இறங்கும். காரணமே தெரியாமல் 300-ம் 60-ம் மாறி மாறி வருகிறவரிடம் முதலில் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளுங்கள். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யும். டாக்டரிடம் சொல்லிவிட்டே மாறுங்கள், அளவைக் குறைக்க வேண்டிவரும்.

கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து தடவை உருட்டி, பத்து தடவை தலைகீழாகக் கவிழ்த்து, ஒரே வெண்மையாக ஆனபின் போடுங்கள். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில். உறைந்துபோனது, உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும், குப்பைக்குத்தான். பயன்பாட்டில் உள்ளது வெயில் படாத அறையில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும்.

இறங்கினால் என்ன செய்வது: 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் வேகமான சர்க்கரை. தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். ஏறியதும் அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் கொஞ்சம் திடமாக ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு வயிற்றிலிருந்து சர்க்கரை இறங்குவதைத் தாமதப்படுத்தும், அந்த நேரத்தில் தாமதம்தான் ஆகாது. அகார்போஸ் எடுக்கிறவருக்கு வெள்ளைச் சர்க்கரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை உடைக்கும் என்சைமையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் மட்டுமே. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுககான் ஊசி வீட்டில் இருந்தால் போட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

இனிப்பை விட்டதால் மாத்திரையை விட்டவர்கள் பற்றி யாரும் தொடவில்லை.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த சங்கிலி. செரித்ததும் முழுக்கக் குளுக்கோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையிலோ பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். கிராமுக்குக் கிராம் பார்த்தால் மாவுச்சத்திலிருந்து ரத்தத்துக்கு வரும் குளுக்கோஸ் அதிகம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. தட்டில் 300 கிராம் வைத்துக்கொண்டு, காபியில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை விட்டேன் என்பது 84 கிராமை விட்டுவிட்டு 5 கிராமைப் பிடிப்பது. தீட்டாத அரிசிக்கு மாறினால் நார் கூடும், நல்லதுதான். ஆனால் மாவுச்சத்து அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, அளவு குறைந்தால்தான் எண் குறையும்.

தேன் இயற்கையானது, அது பரவாயில்லை என்பார்கள். ஒரு மேசைக்கரண்டி தேன் 21 கிராம் எடை, அதில் 17 கிராம் சர்க்கரை. அதே கரண்டி வெள்ளைச் சர்க்கரை 12 அல்லது 13 கிராம்தான். கரண்டிக் கணக்கில் தேன்தான் அதிகம். "சர்க்கரை சேர்க்காதது" என்று அச்சிட்ட பிஸ்கட்டில் மாவு அப்படியே இருக்கிறது. பொட்டலத்தின் பின்புறம் மொத்த கார்போஹைட்ரேட் என்ற வரியைப் படியுங்கள். முன்புற எழுத்து விளம்பரம்.

பழம் சாப்பிடவே கூடாது என்பதும் தப்பு, சாறாகக் குடித்தால் என்ன என்பதும் தப்பு. முழுப் பழத்தை மென்று தின்னும்போது நார் தடுத்துத் தடுத்து விடும். சாறில் மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் இறங்கும்.

இனிப்பு தின்றதால்தான் நோய் வந்தது என்ற பழியும் நோயாளியைக் குறுக வைக்கிறது. டைப் 1-க்கும் இனிப்புக்கும் சம்பந்தமே இல்லை. டைப் 2-வில் பரம்பரை, வயிற்றுக் கொழுப்பு, அசையாத வாழ்க்கை எல்லாம் சேர்ந்து வருகிறது. அதற்காக இனிப்புக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சர்க்கரை கலந்த குளிர்பானத்தைத் தினமும் குடிப்பது டைப் 2 அபாயத்தைக் கூட்டும், 330 மி.லி. டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை.

மருந்தை நிறுத்துவது நடக்காத காரியமும் இல்லை. மருந்து இல்லாமல் மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால் அதை நோய்த் தணிவு என்று 2021-ல் வல்லுநர்கள் வரையறுத்தார்கள். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு ஆறு வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காத டைப் 2 நோயாளிகள் முதல் சில மாதங்கள் நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் மேற்பார்வையோடு உண்டார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். எடை திரும்பினால் நோயும் திரும்பும் என்பதையும் அதே ஆய்வின் பின்னாள் கணக்குகள் காட்டின. ஆக, வரிசை முக்கியம்: எடை இறங்கும், எண் இறங்கும், டாக்டர் மருந்தை இறக்குவார், மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி பார்த்து உறுதி செய்வார். மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும்போது வந்த 110 என்பது மாத்திரையும் சேர்ந்து வாங்கிய 110.

தெளிநீர் எழுதியது:

துளிக்கணக்கு சொன்ன திருத்தம் சரி, மூன்று எண் முறையை நான்கு ராத்திரிக்குக் குறையாமல் செய்யுங்கள்.

குறிப்பில் விட்டுப்போகக் கூடாத மூன்றைச் சேர்க்கிறேன்.

ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) நார்மல் என்றால் கிட்னி பத்திரம் என்று எண்ணிவிடுகிறார்கள். கிட்னியின் வேலையில் பாதி போகும்வரை கூட அது நார்மலுக்குள் நிற்கலாம். முதலில் கசிவது ஆல்புமின் என்ற புரதம். சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் போனால் ஆரம்ப எச்சரிக்கை. டைப் 2 என்றால் கண்டுபிடித்த அன்றே ஒரு தடவை, பிறகு வருடா வருடம். விழித்திரைப் பரிசோதனையும் அதேபோல. பார்வை நன்றாகத் தெரிகிற காலத்தில் பிடித்தால்தான் காப்பாற்ற முடியும்.

வலிக்காத புண் சின்னப் புண் என்பதும் தப்பு. நரம்பு செத்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. தினமும் ராத்திரி விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள்.

மூன்றாவது அவசரம். சாப்பிடவில்லை என்பதற்காகக் காய்ச்சல் நாளில் இன்சுலினை அடியோடு நிறுத்துகிறார்கள். நோய்வாய்ப்பட்ட உடலில் கல்லீரல் இன்னும் அதிகமாகக் கொட்டும். டைப் 1 நோயாளி அடிப்படை இன்சுலினை விட்டால் ஒரே நாளில் கீட்டோன் (கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறிவிடும். மெட்ஃபார்மினும், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மாத்திரைகளும் இதற்கு நேர்மாறு. வாந்தி, பேதி, சாப்பிட முடியாமை என்றால் அவற்றை அந்த நாட்களுக்கு நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பின்னால் சொன்ன வகையில் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் சேர முடியும். அந்த மாத்திரை எடுப்பவருக்கு வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாக வேகமாக வாங்குகிறது என்றால் மீட்டர் 190 காட்டினாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய், ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.